டேட்டாபேஸ் சர்வரில் அசின்க்ரனஸ் ஐஓ பிழை எண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பக்கத்தை, அதாவது டேட்டாவின் ஒரு துண்டை, படித்துத் தரும்படி இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கேட்டுவிட்டு, அது வரும்வரை கைகட்டி நிற்காமல் டேட்டாபேஸ் அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் அசின்க்ரனஸ் ஐஓ. சுருக்கமாக ஏஐஓ. அந்த வேலையில் வரும் பிழை எண்களை எப்படிப் படிப்பது, எதில் உடனே கை வைக்கலாம், எதில் வைக்கவே கூடாது என்பதே இந்தப் பக்கம். கட்டளைகளும் அமைப்புகளின் பெயர்களும் உச்சரிப்பின்படி எழுதப்பட்டுள்ளன.

லாகில் ஒரு பிழை எண் வந்திருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், அது எந்தக் கட்டத்தில் வந்தது என்று பாருங்கள். லினக்ஸில் ஏஐஓவுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. சர்வர் எழும்போது ஐஓ_செட்டப் மூலம் "எனக்கு இத்தனை கோரிக்கைகளுக்கு இடம் ஒதுக்கு" என்று கேட்கும். பிறகு ஒவ்வொரு கோரிக்கையையும் ஐஓ_சப்மிட் மூலம் போடும். கடைசியாக ஐஓ_கெட்ஈவென்ட்ஸ் மூலம் முடிவுகளை வாங்கிக்கொள்ளும்.

ஒரே 11 முதல் கட்டத்தில் வந்தால், கணினி முழுவதற்குமான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று பொருள். அதைக் கூட்டாமல் தீராது. இரண்டாம் கட்டத்தில் வந்தால் அந்த நொடியில் வரிசை நிறைந்திருக்கிறது, சற்றுப் பொறுத்து மறுபடி போட்டால் போதும். 22 முதல் இரண்டு கட்டங்களில் வந்தால் பெரும்பாலும் அமைப்புக் கோளாறு. 5 கிட்டத்தட்ட எப்போதும் மூன்றாம் கட்டத்தில்தான் வரும். அது டிஸ்க் பக்கத்துச் செய்தி. எண்ணை மட்டும் தேடிப்பிடித்து வந்த தீர்வைப் போட்டுப் பார்ப்பவர்கள் வழி தவறுவது இந்த இடத்தில்தான்.

சில இடங்களில் 11 என்றும் சில இடங்களில் -11 என்றும் வருகிறதே, இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். லிப்ஏஐஓ நூலகம் பிழையை எதிர்ம எண்ணாகவே திருப்பித் தரும். முடிவுப் பதிவில் இருக்கும் ரெஸ் என்ற புலமும் அப்படித்தான்: நேர்ம எண்ணாக இருந்தால் அத்தனை பைட் முடிந்தது, எதிர்மமாக இருந்தால் பிழை. ஏஐஓவுக்கான புதிய கர்னல் வழியான ஐஓ_யூரிங்கிலும் இதே வழக்கம். எனவே -5 என்றால் 5, -28 என்றால் 28.

நேர்ம எண் வந்தாலும் கேட்டதைவிடக் குறைவாக இருக்கலாம். 16,384 பைட் கேட்டு 4,096 திரும்பினால் பிழை எண் எதுவும் இருக்காது, ஆனால் பக்கம் முழுதாக வரவில்லை. ஆரக்கிளில் இதற்கென்றே ஓஆர்ஏ-27063 இருக்கிறது: படித்த அல்லது எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கை சரியில்லை என்பது அதன் பொருள்.

எண்ணின் பொருள் தெரிய, மைஎஸ்க்யூஎல் நிறுவிய கணினியில் "பிஎரர் 11" என்று அடித்தால் போதும். விண்டோஸில் "நெட் ஹெல்ப்மெசேஜ் 1117". இரண்டு இயங்குதளங்களின் எண்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். லினக்ஸில் 5 என்பது உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. விண்டோஸில் 5 என்பது அனுமதி மறுப்பு. முதலாவது டிஸ்க் சாகும் அறிகுறியாக இருக்கலாம், இரண்டாவது ஃபோல்டர் அனுமதியைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும்.

"ஐஓ_செட்டப் ஈ-அகெய்னுடன் தோற்றது, 5 முறை முயல்வேன்" என்று சொல்லிவிட்டு மைஎஸ்க்யூஎல் எழவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஈ-அகெய்ன் என்பது 11இன் பெயர். இந்த வகைப் பிழைகளில் மிகுதியாக வருவது இதுதான். நல்ல வேளையாக, டேட்டாவுக்கு எந்தச் சேதமும் இல்லாததும் இதுதான்.

மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி எழும்போது ஒவ்வொரு ஐஓ த்ரெட்டுக்கும் 256 கோரிக்கைகளுக்கு இடம் கேட்கிறது. கர்னல் மறுத்தால் அரை நொடி இடைவெளியில் 5 முறை கேட்டுப் பார்த்துவிட்டு, ஏஐஓ துணையமைப்பைத் தொடங்க முடியவில்லை என்று எழுதி நின்றுவிடும். கர்னல் மறுப்பதற்குக் காரணம் /ப்ராக்/சிஸ்/எஃப்எஸ்/ஏஐஓ-மேக்ஸ்-என்ஆர் என்ற உச்சவரம்பு. இதன் இயல்பு மதிப்பு 65536. பக்கத்திலேயே ஏஐஓ-என்ஆர் என்ற கோப்பு இருக்கும். இப்போது ஒதுக்கப்பட்டிருக்கும் மொத்தம் அதில் தெரியும்.

செய்ய வேண்டியவை:

1. இரண்டு கோப்புகளையும் கேட் கட்டளையால் பாருங்கள். ஏஐஓ-என்ஆர் 64,000ஐத் தொட்டு நின்றால் நோய் தெரிந்துவிட்டது.
2. "சிஸ்சிடிஎல் -டபிள்யூ எஃப்எஸ்.ஏஐஓ-மேக்ஸ்-என்ஆர்=1048576" என்று கொடுங்கள். உடனே நடைமுறைக்கு வரும், ரீபூட் தேவையில்லை.
3. மைஎஸ்க்யூஎல்லை எழுப்புங்கள். எழுந்தால், அதே வரியை /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் ஒரு கோப்பாக எழுதி "சிஸ்சிடிஎல் --சிஸ்டம்" ஓட்டுங்கள். இந்தப் படியை மறந்தால் அடுத்த ரீபூட்டில் இதே பிழை, அநேகமாக நள்ளிரவில், வந்து நிற்கும்.

வரம்பைக் கூட்டினால் நினைவகம் விழுங்கப்படுமோ என்று பலர் தயங்குகிறார்கள். விழுங்காது. இந்த எண்ணைக் கூட்டுவதால் கர்னல் எதையும் முன்கூட்டியே ஒதுக்குவதில்லை என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. 1048576 என்பது ஆரக்கிள் நிறுவலில் நெடுங்காலமாகப் புழங்கும் மதிப்பு; தயங்காமல் வைக்கலாம்.

ஒரே ஒரு மைஎஸ்க்யூஎல்தான் ஓடுகிறது. 65536 எப்படித் தீரும்?

அது மட்டும்தான் ஓடுகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஏஐஓ-என்ஆர் எண்ணுவது இப்போது டிஸ்க்கில் நிற்கும் கோரிக்கைகளை அல்ல. ஒவ்வொரு ப்ராசஸும் கேட்டு வாங்கிவைத்த இடங்களின் கூட்டுத்தொகையை. வாங்கிய இடம் சும்மா கிடந்தாலும் கணக்கில் இருக்கும்.

யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஏஐஓ இடம் வாங்கிய ப்ராசஸின் /ப்ராக்/<எண்>/மேப்ஸ் கோப்பில் சதுர அடைப்புக்குள் "ஏஐஓ" என்று ஒரு வரி இருக்கும். ரூட் ஆக நின்று எல்லா மேப்ஸ் கோப்புகளிலும் அந்தச் சொல்லை கிரெப் செய்யுங்கள்; எந்த ப்ராசஸுக்கு எத்தனை வரி என்று எண்ணுங்கள். மறந்துபோன சோதனை சர்வர், வர்ச்சுவல் மெஷின் ஓட்டும் மென்பொருள், ஒழுங்காக மூடப்படாமல் தொங்கும் பழைய ப்ராசஸ் எல்லாம் இதில் வெளியே வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படிக்க 4 த்ரெட், எழுத 4 த்ரெட், கூட இரண்டு என்று 10 த்ரெட். தலா 256 வீதம் 2,560. அப்படியானால் 25 சர்வர் தாங்க வேண்டும். ஆனால் இயல்பு அமைப்பில் 12 சர்வருக்கு மேல் ஓட்டினாலே வரம்பு மீறலாம் என்று மைஎஸ்க்யூஎல் கையேடு சொல்கிறது. பழைய கர்னல்கள் கேட்ட எண்ணை இரட்டித்துக் கணக்கில் எழுதும். சிபியு எண்ணிக்கை அதிகமானால் இன்னும் கூட்டும். ஆகவே தாளில் போட்ட கணக்கை விட்டுவிட்டு ஏஐஓ-என்ஆரில் இருக்கும் எண்ணையே நம்புங்கள். மைஎஸ்க்யூஎல் 8.4இல் படிக்கும் த்ரெட்டுகளின் இயல்பு எண்ணிக்கை சிபியுவில் பாதி, குறைந்தது 4 என்று மாறியிருக்கிறது. பெரிய கணினியில் பதிப்பு உயர்த்தியதும் இந்தப் பிழை புதிதாக முளைத்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

கன்டெய்னருக்குள் சிஸ்சிடிஎல் கொடுத்தால் ஏற்கவில்லையே?

ஏற்காது. இந்த வரம்பு நேம்ஸ்பேஸுக்கு நேம்ஸ்பேஸ் பிரிவதில்லை. ஹோஸ்ட் கணினி முழுவதற்கும் ஒன்றே. ஹோஸ்டில்தான் மாற்ற வேண்டும். இதன் மறுபக்கம்: பக்கத்துக் கன்டெய்னர் இடத்தை வாரி எடுத்துக்கொண்டால் உங்கள் கன்டெய்னர் எழாது. உங்கள் லாகில் அதற்கான தடயம் எதுவும் இருக்காது.

ஆரக்கிளில் வரும் ஓஆர்ஏ-27090 இதுவேதானா?

ஆமாம். "அசின்க்ரனஸ் டிஸ்க் ஐஓவுக்குக் கர்னல் வளங்களை ஒதுக்க முடியவில்லை" என்பது அதன் செய்தி. கீழே லினக்ஸ் பிழை 11 இருந்தால் மேலே சொன்ன அதே மருந்து. ஓஆர்ஏ-27061 வேறு: ஏஐஓ முடிவுக்குக் காத்திருந்தபோது தோல்வி என்று பொருள். அதாவது மூன்றாம் கட்டம். அதற்கு வரம்பைக் கூட்டிப் பயனில்லை. செய்தியின் கீழ் வரியில் இருக்கும் இயங்குதளப் பிழை எண்ணைப் பார்த்து அந்த வழியில் போங்கள். ஆரக்கிளில் பிழைகள் அடுக்காக வரும். மேலே ஓஆர்ஏ-01115, அதற்குக் கீழே எந்தக் கோப்பு என்று சொல்லும் ஓஆர்ஏ-01110, அடியில் இயங்குதள எண். மேல் வரியை மட்டும் படம்பிடித்து அனுப்பினால் யாராலும் உதவ முடியாது.

ஐஓ_கெட்ஈவென்ட்ஸில் 4 வருகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஒரு சிக்னல் குறுக்கிட்டதால் காத்திருப்பு கலைந்தது, அவ்வளவே. டேட்டாபேஸ் தானே மறுபடி காத்திருக்கும்.

22, அதாவது செல்லாத அளவுரு. எல்லாம் சரியாகத்தானே கொடுத்திருக்கிறோம்?

நீங்கள் கொடுத்தது சரியாக இருக்கலாம், கோப்பு இருக்கும் இடம் ஒத்துவராமல் இருக்கலாம். மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது டிஎம்பிஎஃப்எஸ், அதாவது நினைவகத்திலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டம். இன்னோடிபி எழும்போது டெம்ப் அடைவில் ஒரு தற்காலிகக் கோப்பை வைத்து ஏஐஓ வேலை செய்கிறதா என்று சோதிக்கும். அந்த அடைவு டிஎம்பிஎஃப்எஸ்ஸில் இருந்தால் பழைய கர்னல்களில் ஓ_டைரக்ட் (கர்னலின் கேஷைத் தாண்டி நேரே டிஸ்க்கில் படித்து எழுதும் முறை) செல்லாது, 22 திரும்பும். "டிஎஃப் -டி" என்று கொடுத்து டெம்ப் அடைவின் வகையைப் பாருங்கள். டிஎம்பிஎஃப்எஸ் என்றிருந்தால் டிஎம்பிடிர் அமைப்பை உண்மையான டிஸ்க்கில் உள்ள அடைவுக்கு மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இரண்டாவது செக்டர் அளவு. ஓ_டைரக்ட் போட்டால் நினைவக முகவரி, நீளம், கோப்பில் தொடங்கும் இடம் மூன்றும் டிஸ்க்கின் லாஜிக்கல் செக்டர் அளவின் மடங்காக இருக்க வேண்டும். 512 பைட் டிஸ்க்கில் பல ஆண்டுகள் ஓடிய டேட்டாவை 4,096 பைட் டிஸ்க்குக்கு மாற்றிய மறுநாள் 22 வந்தால் இதைத்தான் பார்க்க வேண்டும். "பிளாக்டெவ் --கெட்எஸ்எஸ்" லாஜிக்கல் அளவையும், "பிளாக்டெவ் --கெட்பிபிஎஸ்இசட்" ஃபிசிக்கல் அளவையும் காட்டும். பழைய டிஸ்க்கிலும் புதியதிலும் ஓட்டி ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, ஓ_டைரக்டை ஏற்காத ஃபைல் சிஸ்டத்தில், குறிப்பாகச் சில ஃப்யூஸ் வகை மவுன்ட்டுகளில், டேட்டா அடைவை வைத்திருப்பது. அங்கே டேட்டாபேஸை வைக்காமல் இருப்பதே நல்லது.

இவை எதுவும் இல்லாமல், ஓடிக்கொண்டிருந்த சர்வரில் "ஐஓ_கெட்ஈவென்ட்ஸிலிருந்து எதிர்பாராத ரெட்_கோட் -22" என்று வந்தால், ஏஐஓ இடமே செல்லாததாகிவிட்டது. அது மென்பொருள் பக்கத்துப் பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். கர்னல், டேட்டாபேஸ் இரண்டின் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் "256 மிஸ்அலைன்ட் லாக் ஐஓக்கள் சின்க்ரனஸ் ஐஓவுக்குத் திரும்பின" என்கிறது. இதுவும் செக்டர் விஷயமா?

அதேதான். 512 பைட் செக்டரில் உருவான லாக் கோப்பு 4,096 பைட் டிஸ்க்கில் ஓடுகிறது, அல்லது அவைலபிலிட்டி குழுவில் ஒரு கணினியின் டிஸ்க் ஒரு வகை, மற்றதன் டிஸ்க் வேறு வகை. டேட்டா கெடாது, ஆனால் லாக் எழுதுவது மந்தமாகும். 512 பைட் பக்கத்துக் கணினிகளில் ட்ரேஸ் ஃப்ளாக் 1800ஐத் தொடக்க அளவுருவாக வைத்தால் லாக் 4,096 பைட் வடிவில் எழுதப்படும். விண்டோஸ் 11இல் சில என்விஎம்ஈ டிஸ்க்குகள் 4,096க்கும் பெரிய செக்டர் அளவைச் சொல்வதால் எஸ்க்யூஎல் சர்வர் எழாமலே போவதும் உண்டு. "எஃப்எஸ்யூடில் எஃப்எஸ்இன்ஃபோ செக்டர்இன்ஃபோ" ஓட்டினால் அந்த எண் தெரிந்துவிடும்.

5 வந்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

லினக்ஸில் 5 என்றால் கர்னல் டிஸ்க்கிடம் கேட்டது, டிஸ்க்கால் கொடுக்க முடியவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் டேட்டாபேஸ் மீட்பு வேலையைத் தொடங்கும். சாகக்கிடக்கும் டிஸ்க்கில் இன்னும் மும்முரமாகப் படித்து எழுதும். இப்போது ஓடிக்கொண்டாவது இருக்கும் சர்வர் திரும்ப எழாமலே போகலாம். எழுந்திருக்கும் சர்வரிலிருந்து முக்கிய டேபிள்களை டம்ப் எடுக்க முடிந்தால், அதை வேறு டிஸ்க்குக்கு எடுப்பது முதல் வேலை.

அடுத்து "டிமெஸ்ஜி -டி" பாருங்கள். பிழை வந்த நேரத்தில் டிஸ்க்கின் பெயரும் செக்டர் எண்ணும் கொண்ட வரி இருக்கும். அதில் "கிரிட்டிகல் மீடியம் எரர்" என்றிருந்தால் டிஸ்க்கின் பரப்பே போய்விட்டது. அதற்கு முன்னால் லிங்க் ரீசெட் வரிகள் வரிசையாக இருந்தால் கேபிள், கன்ட்ரோலர், பேக்பிளேன் பக்கம் பாருங்கள். டைம்அவுட் என்றிருந்தால் ஸ்டோரேஜ் பதில் சொல்லவில்லை. எஸ்சிஎஸ்ஐ டிஸ்க்கில் இதன் இயல்பு வரம்பு 30 நொடி.

பிறகு "ஸ்மார்ட்சிடிஎல் -ஏ". சாட்டா டிஸ்க்கில் நான்கு எண்கள் போதும். 5ஆம் பண்பு மாற்றிவைக்கப்பட்ட செக்டர்கள், 197 முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்கள், 198 சரிசெய்ய முடியாதவை. இவற்றில் 197 அல்லது 198 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 மட்டும் ஏறிக்கொண்டே போய் மற்றவை பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் நல்லது, கேபிள்தான் கெட்டது. என்விஎம்ஈயில் மீடியா எரர்ஸ் எண்ணையும் கிரிட்டிகல் வார்னிங்கையும் பாருங்கள்.

பேக்கப் இல்லை, டம்ப்பும் எடுக்க முடியவில்லை என்றால் சர்வரை நிறுத்தி, டிஸ்க்கை மவுன்ட் செய்யாமல், டிடிரெஸ்க்யூ கொண்டு முழு நகல் எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். மீட்பு முயற்சிகள் அனைத்தும் அந்த நகலில்தான், மூலத்தில் அல்ல. இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரியை 1இலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 4ஓ அதற்கு மேலோ போனால் டேட்டா கோப்புகள் நிரந்தரமாகக் கெடலாம் என்பது கையேட்டின் எச்சரிக்கை. பதற்றத்தில் நேரே 6 போட்டு, எடுக்க முடிந்ததையும் இழந்துவிடாதீர்கள்.

5 ஒருமுறை வந்தது, அதன்பின் வரவில்லை. தானாகச் சரியாகிவிட்டதா?

அப்படி நம்புவது ஆபத்து, குறிப்பாக எஃப்சின்க்கில், அதாவது எழுதியதை டிஸ்க்குக்குத் தள்ளும்படி கேட்கும் அழைப்பில், வந்திருந்தால். எழுதக் காத்திருந்த பக்கங்கள் டிஸ்க்குக்குப் போகாமல் எஃப்சின்க் தோற்றால், லினக்ஸ் கர்னல் அந்தப் பக்கங்களைச் சுத்தமானவை என்று குறித்துவிடக்கூடும். அடுத்த எஃப்சின்க் வெற்றி என்று திரும்பும். டேட்டாவோ எங்குமே இருக்காது. 2018இல் இது வெளிச்சத்துக்கு வந்தபின், 2019 பிப்ரவரிப் பதிப்புகளிலிருந்து போஸ்ட்கிரெஸ் எஃப்சின்க் தோற்றால் பேனிக் ஆகி, மாற்றங்களை முன்கூட்டியே பதியும் லாகான டபிள்யூஏஎல்லிலிருந்து மீண்டும் எழுதிக்கொள்கிறது. டேட்டா_சின்க்_ரீட்ரை அமைப்பு அணைந்தே இருக்கட்டும். பேனிக்கைத் தவிர்க்கிறோம் என்று அதை இயக்குவது, புகை எச்சரிக்கை மணியின் கம்பியை அறுப்பதற்குச் சமம்.

28, இடம் இல்லை. ஆனால் டிஎஃப் 40 சதவீதம் காலி என்கிறதே?

வரிசையாகப் பாருங்கள். "டிஎஃப் -ஐ": ஐநோடு, அதாவது கோப்புகளின் எண்ணிக்கைக்கான இடம், தீர்ந்திருக்கலாம், டேபிளுக்கு ஒரு கோப்பு, பார்ட்டிஷனுக்கு ஒரு கோப்பு என்று பெருகிய சர்வர்களில் இது நடக்கும். 28 அல்லாமல் 122 என்றால் கோட்டா. காலியாகத் தெரிவது மிகக் குறைவு என்றால், ஈஎக்ஸ்டி4 இயல்பாகவே 5 சதவீதத்தை ரூட்டுக்கு ஒதுக்கிவைக்கும், டேட்டாபேஸ் பயனருக்கு அது கிடைக்காது. கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் "எல்எஸ்ஓஎஃப் +எல்1": அழித்த கோப்பை யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இவை எல்லாம் சரி என்றால் எல்விஎம் தின் பூல். ஃபைல் சிஸ்டத்துக்கு 500 ஜிபி என்று வாக்குக் கொடுத்திருப்பார்கள், அடியில் பூலில் 300தான் இருக்கும். பூல் நிறைந்ததும் எழுத்துகள் 60 நொடி வரிசையில் நிற்கும். பிறகு பிழையாகத் திரும்பும். அந்த 60 நொடியில் டேட்டாபேஸ் உறைந்ததுபோல் இருக்கும். "எல்விஎஸ்" கட்டளையில் டேட்டா சதவீதம் 100 என்று நிற்பதே சாட்சி. பூலை நீட்டிவிட்டு, ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அடுத்து வரும் எண் 30.

ஐஓ_யூரிங் வந்தபின் 12, 1, 38, 24 என்று புதுப்புது எண்கள் வருகின்றன.

மரியாடிபி 10.6 முதல் லிப்ஏஐஓவுக்குப் பதில் ஐஓ_யூரிங்கைப் பயன்படுத்த முடியும். போஸ்ட்கிரெஸ் 18, 2025 செப்டம்பரில் வெளியானது, ஐஓ_மெத்தட் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. எண்களின் பொருள் இதோ.

12 என்றால் நினைவகம் போதாது. கணினியின் ரேம் அல்ல, பூட்டிவைக்கும் நினைவகத்துக்கான வரம்பு. 5.12க்கு முந்தைய கர்னல்களில் ஐஓ_யூரிங் இந்தக் கணக்கில்தான் இடம் எடுக்கும். மரியாடிபி 262144 பைட் தேவை என்று லாகிலேயே சொல்லும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: சிஸ்டம்டியின் லிமிட்மெம்லாக் பைட்டில், ஷெல்லின் "யூலிமிட் -எல்" கிலோபைட்டில். அதாவது ஷெல்லில் 256, சிஸ்டம்டியில் 262144. சிஸ்டம்டியின் கீழ் எழும் சர்வருக்கு ஷெல்லில் போட்ட யூலிமிட் போய்ச் சேராது. "சிஸ்டம்சிடிஎல் எடிட் மரியாடிபி" வழியாகத்தான் போட வேண்டும்.

1 என்றால் அனுமதி இல்லை. 6.6 முதல் கர்னலில் கர்னல்.ஐஓ_யூரிங்_டிசேபிள்ட் என்ற அமைப்பு உண்டு: 0 எல்லோருக்கும் அனுமதி, 1 சிறப்பு உரிமை உள்ளவர்களுக்கு மட்டும், 2 யாருக்கும் இல்லை. அது 0 ஆக இருந்தும் 1 வந்தால், எந்தக் கர்னல் அழைப்புகளுக்கு அனுமதி என்று சொல்லும் கன்டெய்னரின் செக்காம்ப் விதி தடுக்கிறது. டாக்கர் 25 முதல் இயல்பு விதியில் ஐஓ_யூரிங் அடைக்கப்பட்டுள்ளது. பாதுகாப்புக் காரணத்துக்காக வைத்த அடைப்பு அது. செக்காம்ப்பையே முழுக்க அணைக்காதீர்கள். தேவையான மூன்று அழைப்புகளை மட்டும் அனுமதிக்கும் விதி எழுதுங்கள், அல்லது ஐஓ_யூரிங் இல்லாமலே ஓட்டுங்கள்.

38 என்றால் அந்தக் கர்னலுக்கு இது தெரியாது.

24 என்றால் திறந்த கோப்புகளின் வரம்பு. போஸ்ட்கிரெஸ் 18 ஐஓ_யூரிங் முறையில் ஒவ்வொரு பேக்எண்டுக்கும் ஒரு வளையம் வீதம் தொடக்கத்திலேயே உருவாக்கும். மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை 2,000 என்று வைத்துவிட்டு "யூலிமிட் -என்" 1,024இல் இருந்தால் சர்வர் எழாது. எவ்வளவு வேண்டும் என்று பிழைக் குறிப்பிலேயே இருக்கும். அவசரம் என்றால் ஐஓ_மெத்தடை வொர்க்கர் என்று மாற்றி எழுப்புங்கள். அதுவே இயல்பு மதிப்பு, அதில் 3 வொர்க்கர்கள் ஓடும். இந்தப் பதிப்பில் ஏஐஓ படிப்பதற்கு மட்டுமே. எழுதுவதில் வந்த பிழைக்கு ஐஓ_மெத்தடைக் குறை சொல்ல வேண்டாம்.

விண்டோஸில் 997, 995, 1117, 1450 இவை என்ன?

997 பிழையே அல்ல. கோரிக்கை ஏற்கப்பட்டு நடந்துகொண்டிருக்கிறது என்பது பொருள். 995 என்றால் த்ரெட் வெளியேறியதால் அல்லது நிரல் கேட்டதால் ஐஓ ரத்தானது. சர்வர் நிற்கும் நேரத்தில் வந்தால் இயல்பு, நடு ஓட்டத்தில் வந்தால் டிரைவரையும் ஸ்டோரேஜையும் பாருங்கள். 1117 லினக்ஸின் 5க்கு அண்ணன். மேலே சொன்ன எச்சரிக்கை எல்லாம் இதற்கும் பொருந்தும். 23 என்றால் டிஸ்க்கிலேயே சிஆர்சி பிழை. 38 என்றால் கோப்பு எதிர்பார்த்ததைவிடக் குட்டையாக இருக்கிறது. 1450உம் 665உம் எஸ்க்யூஎல் சர்வரின் பெரிய டேட்டாபேஸில் சோதனைக் கட்டளையான செக்டிபி ஓட்டும்போது வந்தால், ஸ்னாப்ஷாட்டுக்கான ஸ்பார்ஸ் கோப்பு துண்டு துண்டாகி என்டிஎஃப்எஸ் வரம்பைத் தொட்டுவிட்டது; பரபரப்பு குறைந்த நேரத்தில் ஓட்டுங்கள், அடுத்தமுறை வால்யூமை "ஃபார்மேட் /எல்" கொண்டு உருவாக்குங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரின் 823, 824, 825, 833: எது எவ்வளவு மோசம்?

823இல் விண்டோஸே தோல்வி என்று சொல்லிவிட்டது. செய்திக்குள் இருக்கும் இயங்குதள எண்ணைப் படியுங்கள். 824இல் விண்டோஸ் வெற்றி என்றது, ஆனால் வந்த பக்கத்தைச் சோதித்தால் செக்சம் பொருந்தவில்லை, அல்லது பக்க எண் வேறு. 825 வெறும் தகவல் போலத் தோன்றும், எவரும் கவனிக்க மாட்டார்கள்: முதலில் தோற்று, மறுபடி படித்தபோது வெற்றி. ஆனால் அதுதான் விலைமதிப்பில்லாத முன்னறிவிப்பு. இன்று 825 தரும் டிஸ்க் நாளை 823 தரும். இதற்கு ஒரு அலர்ட் கட்டாயம் வையுங்கள்.

833 என்றால் ஒரு ஐஓ 15 நொடியைத் தாண்டியும் முடியவில்லை. டேட்டா கெடவில்லை. ஆன்டிவைரஸ் டேட்டா, லாக் கோப்புகளான எம்டிஎஃப், எல்டிஎஃப் ஆகியவற்றைத் துழாவுகிறதா, அந்த நேரத்தில் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஓடியதா என்று முதலில் பாருங்கள்.

823, 824 வந்த பக்கங்கள் எம்எஸ்டிபியின் சஸ்பெக்ட்_பேஜஸ் டேபிளில் பதிவாகும். அதில் அதிகபட்சம் 1,000 வரிதான்; நிறைந்தால் புதியது பதிவாகாது. ஓரிரு பக்கங்கள் மட்டும் கெட்டு, ஃபுல் ரெகவரியில் நல்ல பேக்கப் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் ரீஸ்டோர் செய்யலாம். ரிப்பேர்_அலவ்_டேட்டா_லாஸ் கடைசிக்கும் கடைசி. அது பக்கத்தைச் சரிசெய்வதில்லை, தூக்கிப் போடுகிறது.

பிழை எண்ணே இல்லை, ஆனால் சர்வர் உறைந்து பிறகு தானே செத்துவிட்டது.

இன்னோடிபியில் ஒரு செமஃபோர் (உள்பூட்டு) 600 நொடிக்கு மேல் விடுபடாவிட்டால் சர்வர் வேண்டுமென்றே தன்னை வீழ்த்திக்கொள்ளும். லாகில் அந்த வாக்கியம் இருக்கும். உறைந்திருக்கும்போதே "ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்" எடுத்து ஃபைல் ஐஓ பகுதியைப் பாருங்கள். நிலுவையில் நிற்கும் படிப்புகள் த்ரெட்டுக்கு 64க்கு மேல் என்றால் த்ரெட் போதவில்லை. நிலுவை குறையாமல் அப்படியே நின்றால் டிஸ்க் பதில் சொல்லவில்லை. "ஐஓஸ்டாட் -எக்ஸ் 1" கொடுத்து அவெய்ட் என்ற நெடுவரிசையில் எத்தனை மில்லிநொடி என்று பாருங்கள். மரியாடிபியில் 5.11 முதல் 5.15இன் தொடக்கப் பதிப்புகள் வரையான கர்னலில் ஐஓ_யூரிங் தொங்கிப்போகும் கோளாறு இருந்தது. லாகில் அந்த எச்சரிக்கை இருந்தால் கர்னலை உயர்த்துங்கள்.

நேட்டிவ் ஏஐஓவை அணைத்துவிட்டால் தொல்லை தீருமே?

இன்னோடிபி_யூஸ்_நேட்டிவ்_ஏஐஓவை 0 ஆக்கினால் சர்வர் எழும். த்ரெட்டுகளே ஏஐஓ போல நடிக்கும். டேட்டாவுக்கு ஆபத்தில்லை. ரூட் உரிமை உள்ளவர் வரும்வரை சேவையைத் தொடர இது நேர்மையான தற்காலிக வழி. ஆனால் எழுத்து அதிகமுள்ள சர்வரில் வேகம் குறையும், அப்படியே மறந்துவிடாதீர்கள். 5க்கும் 28க்கும் இது மருந்தே அல்ல.

"லிப்ஏஐஓ.எஸ்ஓ.1 கிடைக்கவில்லை" என்று வருகிறது, பொதியோ நிறுவப்பட்டிருக்கிறது.

உபுண்டு 24.04இல் பொதியின் பெயர் லிப்ஏஐஓ1டி64 என்று மாறியது. கோப்பின் பெயரும் லிப்ஏஐஓ.எஸ்ஓ.1டி64. அந்தப் பதிப்புக்கென்று கட்டப்பட்ட டேட்டாபேஸ் பொதியை எடுத்தால் பிரச்சினையே இல்லை. பொதுவான டார் கோப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டு "எல்டிகான்ஃபிக்" ஓட்டுங்கள்.

பிறரிடம் உதவி கேட்குமுன் என்ன சேகரிக்க வேண்டும்?

பிழைக்கு முன்னும் பின்னுமாக 50 வரி டேட்டாபேஸ் லாக், அதே நேரத்து டிமெஸ்ஜி, "யூநேம் -ஆர்", டேட்டாபேஸ் பதிப்பு, டேட்டா அடைவின் ஃபைல் சிஸ்டம் வகை, இரண்டு ஏஐஓ எண்கள். எந்தக் கட்டம் என்று லாகில் தெளிவில்லை என்றால் எஸ்ட்ரேஸை "-எஃப்" உடன் போட்டு ஐஓ_செட்டப், ஐஓ_சப்மிட், ஐஓ_கெட்ஈவென்ட்ஸ் மூன்றை மட்டும் பாருங்கள். அது ப்ராசஸை வெகுவாக மந்தமாக்கும். ஓடும் சர்வரில் 10 நொடிக்கு மேல் ஒட்டிவைக்காதீர்கள்.